பிளஸ் ஒன் சேரப்போகும் பிள்ளைகளுக்கு: குரூப் எடுப்பதிலிருந்து காலாண்டுத் தேர்வு வரை

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் காலையிலேயே எங்கள் பள்ளி வராந்தாவில் கூட்டம் சேர்ந்துவிடும். சேர்க்கை மேசையில் உட்காரும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். போன வருஷம் ஓர் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பர்ஸ்ட் குரூப் போட்டுருங்க டீச்சர், நானூத்தி நாப்பது எடுத்திருக்கா" என்றார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, "உனக்கு எதும்மா வேணும்?" என்று கேட்டேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "அவளுக்கு என்ன டீச்சர் தெரியும், சின்னப் புள்ள" என்றார் அவர்.

அவளுக்குத் தெரியாதுதான். பர்ஸ்ட் குரூப், அதாவது பயோ-மேத்ஸ் என்றால் என்னென்ன பாடம், அந்தப் புத்தகங்கள் எப்படி இருக்கும் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. நூலகத்திலிருந்து நான்கு புத்தகங்களை எடுத்துக் கொடுத்து, நாளை மறுநாள் வரச் சொன்னேன். அப்பாவுக்குக் கொஞ்சம் கோபம்தான், இடம் போய்விடுமோ என்ற பயம். இடம் இருக்கும் என்று நான் உறுதி சொன்ன பிறகுதான் கிளம்பினார்.

மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமும் நான் திரும்பத் திரும்பச் சொல்வதை எல்லாம் கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதல் வேலை: புத்தகத்தைத் திறந்து பாருங்கள்

பதினோராம் வகுப்புப் பாடநூல்கள் எல்லாமே தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தெருவில் ஓர் அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ போயிருந்தால் பழைய புத்தகத்தையே இரவல் வாங்கலாம். போனில் படிப்பதைவிட அது நல்லது, ஏனென்றால் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பாடம் போதும். கணிதத்தில் முதல் பாடம் கணங்கள், தொடர்புகள், சார்புகள். பத்தாம் வகுப்பில் பார்த்ததன் தொடர்ச்சிதான். அதன் பயிற்சியில் நான்கு கணக்குப் போட்டுப் பாருங்கள். விடை சரியா தப்பா என்பது இப்போது முக்கியமில்லை. வராத கணக்கோடு அரைமணி நேரம் மல்லுக்கட்ட மனசு வருகிறதா, இல்லை ஐந்தாவது நிமிஷமே புத்தகத்தை மூடத் தோன்றுகிறதா? அதைக் கவனியுங்கள். உயிரியலில் இரண்டு பக்கம் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, படித்ததை அம்மாவிடம் உங்கள் வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். அதில் பெயர்கள் நிறைய வரும், படமும் வரைய வேண்டும். அது பிடிக்கிற பிள்ளைக்கு அது சுமையே இல்லை.

கணக்குப்பதிவியலையும் கட்டாயம் பாருங்கள். அறிவியல்தான் எடுக்கப்போகிறேன் என்று இருக்கிறவர்களும் பாருங்கள். அதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. வீட்டில் அம்மா வரவு செலவு நோட்டு எழுதுவார், பணம் வந்தால் வரவு. இங்கேயோ 5,000 ரூபாய் ரொக்கம் கொடுத்துச் சரக்கு வாங்கினால், கொள்முதல் கணக்கைப் பற்று வைத்து ரொக்கக் கணக்கை வரவு வைக்க வேண்டும். கையை விட்டுப் போன பணம் எப்படி வரவாகும் என்று முதல் வாரம் முழுக்கப் பிள்ளைகள் குழம்புவார்கள். உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்ற விதி பிடிபட்டதும் சில பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இரண்டு பக்கம் இருக்கிறது, இரண்டும் சமமாக நிற்க வேண்டும் என்பதில் ஓர் ஒழுங்கு தெரியும். அந்த ஒழுங்கை ரசிக்கிற பிள்ளை வணிகவியலில் பிரமாதமாக வரும். அப்படிப்பட்ட பிள்ளையை, மார்க் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக இயற்பியல் ஆய்வகத்தில் கொண்டுவந்து நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

எந்த குரூப், எந்தப் படிப்பு

எந்த குரூப் எடுத்தாலும் தமிழ் அல்லது வேறு மொழிப்பாடம் ஒன்று, ஆங்கிலம், அப்புறம் நான்கு பாடங்கள். மொத்தம் 600 மதிப்பெண். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாததில் 90, 10.

பயோ-மேத்ஸ் என்பது இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல். பொறியியல், மருத்துவம் இரண்டு பக்கமும் போகலாம் என்பதால்தான் இதற்கு இத்தனை கூட்டம். ஆனால் நான்குமே கனமான பாடங்கள். உயிரியல் ஒரே பாடமாகத் தெரிந்தாலும் உள்ளே தாவரவியல் 35, விலங்கியல் 35 என்று இரண்டு பாகம், இரண்டு ஆசிரியர்கள். ஆக, பிள்ளை நடைமுறையில் ஐந்து பாடம் படிக்கிறது. கணிதமும் உயிரியலும் இரண்டுமே பிடிக்கிற பிள்ளைக்கு இது சரி. "எதுக்கும் இருக்கட்டுமே" என்று எடுத்தால், இரண்டில் ஒன்றை டிசம்பருக்குள் கைவிட்டுவிடுவார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் கைவிடப்படுவது கணிதம்தான்.

உயிரியலுக்குப் பதில் கணினி அறிவியல் எடுத்தால் அது கம்ப்யூட்டர் குரூப். இங்கே ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல் படிக்க, பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகள் உள்ளிட்ட பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நான்காவது பாடம் உயிரியலோ கணினியோ, அந்தக் கணக்கில் வராது. மொழிப்பாடங்களும் வராது. அதனால் பொறியியல்தான் என்று முடிவாகிவிட்ட பிள்ளை, நான்காவது பாடமாகத் தனக்குப் பிடித்ததை, பாரம் குறைந்ததை எடுப்பதே புத்திசாலித்தனம்.

தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனியாகப் படிக்கும் பியூர் சயின்ஸில் கணிதம் கிடையாது. மருத்துவம், கால்நடை மருத்துவம், நர்சிங், வேளாண்மை, உயிரியல் சார்ந்த பட்டப்படிப்புகள் எல்லாம் இதில் உண்டு. பொறியியல் பக்கம் போவது கடினம். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 90 உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும் சரிபாதி. கணிதம் வேண்டாமே என்று இந்த குரூப்புக்கு வரும் பிள்ளைகள், இயற்பியலுக்குக் கணிதம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். இது தெரியாமலேயே ஆசையை விட்டுவிட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வணிகவியல் குரூப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் மூன்றும் பொதுவாக இருக்கும். நான்காவதாக வணிகக் கணிதமும் புள்ளியியலும், கணினிப் பயன்பாடுகள், வரலாறு என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால் வணிகக் கணிதத்தை ஒருமுறை யோசியுங்கள். பட்டயக் கணக்காளர், அதாவது சி.ஏ. படிப்பின் முதல் கட்டத் தேர்வில் நான்கு தாள்கள், அதில் ஒன்று கணிதமும் புள்ளியியலும் சார்ந்தது. அந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு முடித்ததுமே பதிவு செய்யலாம், பிளஸ் டூ முடித்து எழுதலாம். எந்த குரூப் படித்தவரும் எழுதலாம்.

வரலாறு, அரசியல் அறிவியல், புவியியல், பொருளியல் சேர்ந்த கலைப்பிரிவை ஏதோ மார்க் குறைந்தவர்களுக்கானது மாதிரி பேசுகிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேச்சு இன்னும் போகவில்லை. ஐந்தாண்டு சட்டப்படிப்புக்கோ, பின்னால் குடிமைப்பணித் தேர்வுக்கோ தயாராகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அடித்தளம் வேறு எதில் கிடைக்கும்? புவியியலில் வரைபடம் வரைந்து பழகிய பிள்ளைகளின் கண்ணே வேறு மாதிரி இருக்கும்.

தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை இயந்திரவியல், மின்பொறியியல், வேளாண் அறிவியல், செவிலியம், ஆடை வடிவமைப்பு எனப் பல உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் இருக்காது. கையால் செய்து கற்கும் பிள்ளைக்கு மிகப் பொருத்தம். பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. பிளஸ் ஒன்னே வேண்டாம் என்று பாலிடெக்னிக் போகிறவர்கள் மூன்று வருஷ டிப்ளமோ முடித்து, நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதுவும் நல்ல வழிதான்.

இன்னும் ஓரிரண்டு குறிப்புகள். தேசியப் பாதுகாப்பு அகாதமியில் தரைப்படைக்கு எந்த குரூப்பும் சரி, விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். கட்டடக்கலைக்குக் கணிதம் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பில் எந்த குரூப் பிள்ளையும் தகுதிச் சுற்றை முடித்துச் சேரலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும்.

இனி அந்தப் பெண்ணின் கதை. சொன்னபடி மூன்றாம் நாள் வந்தாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு, அதில் கணங்கள் பாடத்தின் பதினோரு கணக்குகள் பென்சிலில் போட்டிருந்தாள், இரண்டு தப்பு. உயிரியல் புத்தகத்தைத் திருப்பி நீட்டி, "இது மட்டும் ஓடல மிஸ்" என்றாள். கம்ப்யூட்டர் குரூப்பில் பெயர் எழுதினோம். அப்பா அந்த நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா

பத்து வருஷம் தமிழில் படித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாற்றலாமா என்று கேட்காத பெற்றோர் இல்லை. கல்லூரியில் எப்படியும் ஆங்கிலம்தானே என்பது அவர்கள் வாதம். நியாயமான கவலைதான். ஆனால் பதினோராம் வகுப்பில் பாடத்தின் கனம் ஒரே அடியாகக் கூடுகிறது. அதே மாதத்தில் மொழியையும் மாற்றினால் பிள்ளை இரண்டு சுமையை ஒன்றாகத் தூக்க வேண்டும்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் வேலைகளுக்கு, பள்ளியிலிருந்து பட்டம் வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருஷம் மாறினாலும் அந்தத் தகுதி போய்விடும். நீட் தேர்வையும் ஜே.இ.இ. மெயின் தேர்வையும் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் பலர் அறியவில்லை.

என் யோசனை இதுதான். தமிழ் வழியிலேயே தொடருங்கள், கூடவே கலைச்சொல் நோட்டு ஒன்று போடுங்கள். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலச் சொல். திசைவேகத்துக்கு எதிரே வெலாசிட்டி, முடுக்கத்துக்கு எதிரே ஆக்சிலரேஷன், உந்தத்துக்கு எதிரே மொமெண்டம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் எழுதினாலே இரண்டு வருஷத்தில் கல்லூரிக்கு வேண்டியது சேர்ந்துவிடும். பாடநூலின் ஆங்கிலப் பதிப்பையும் இறக்கி வைத்துக்கொண்டால் ஒரே பாடத்தைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கலாம். குடும்பச் சூழலால் மாறித்தான் ஆக வேண்டும் என்றால், மே மாதம் முழுவதையும் இந்த நோட்டுக்கே கொடுங்கள்.

எந்தப் பள்ளி: சேரும் முன் கேட்க வேண்டியவை

அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்த பிள்ளையின் வீட்டுக்குத் தனியார் பள்ளிகளிலிருந்து போன் வரும். கட்டணம் இல்லை, விடுதி இலவசம் என்பார்கள். சரி என்று சொல்லும் முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கும் விரிவானது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி போகும் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்பு முக்கியமான தகுதி. பிளஸ் ஒன்னில் தனியாருக்கு மாறினால் ஐந்து வருஷம் சேர்த்த தகுதியைக் கடைசி இரண்டு வருஷத்தில் இழக்கிறீர்கள். விடுதிச் சோற்றுக்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து முடிவெடுங்கள்.

எந்தப் பள்ளியானாலும், "பிளஸ் ஒன் பாடத்தைப் பிளஸ் ஒன்னிலேயே முழுசா நடத்துவீங்களா?" என்று கேளுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் கேளுங்கள். ஒரு காலத்தில் பல பள்ளிகள் பதினோராம் வகுப்பின் நடுவிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடங்கிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் இயற்பியலின் இரண்டாம் தொகுதியைக் கட்டுப் பிரிக்காமலேயே அலமாரியில் வைத்திருந்தார்கள். இந்தப் பழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அந்தத் தேர்வு நீக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் குறையும், அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பிவிடக் கூடாதே என்ற பயமும் இருக்கிறது. நியூட்டன் விதிகள், மோல் கருத்து, செல்லின் அமைப்பு, முக்கோணவியல் எல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தில்தான் இருக்கின்றன. நீட், ஜே.இ.இ. இரண்டுமே இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேட்கின்றன. முதல் வருஷத்தைத் தாண்டிக் குதித்த பிள்ளை, பொறியியல் முதல் செமஸ்டர் கணிதத்தில் வந்து விழுகிறது.

அடுத்து ஆய்வகம். கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வெர்னியர் அளவியும் திருகு அளவியும் மேசையில் இருக்கின்றனவா, அலமாரியில் தூசு படிந்திருக்கின்றனவா என்பதிலேயே பாதி பதில் கிடைக்கும். நீங்கள் எடுக்கும் நான்கு பாடத்துக்கும் முதுகலை ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு பருவம் ஓடிப்போன பள்ளிகளை நான் அறிவேன். தனியார் பள்ளி என்றால், கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு நிர்ணயித்த தொகை எவ்வளவு என்று கேட்டு ரசீது வாங்குங்கள். போக வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் சின்ன விஷயமில்லை. தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகும் பிள்ளைக்குப் படிக்க என்ன தெம்பு இருக்கும்?

சேர்க்கை நாள்

மதிப்பெண் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுச் சான்றிதழில் பெயரின் எழுத்து, முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று வாங்கும் இடத்திலேயே சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காகப் பிளஸ் டூ முடித்த பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் உண்டு. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச மிதிவண்டியும் பாடநூல்களும் பேருந்து அட்டையும் கிடைக்கும். அட்டைக்கான விவரத்தைச் சேரும் அன்றே கொடுத்துவிடலாம்.

ஜூன் வருவதற்குள்

விடுமுறையில் பாடம் முழுக்க முன்கூட்டியே படித்து முடிக்க வேண்டியதில்லை. கிரிக்கெட் ஆடுங்கள், பாட்டி வீட்டுக்குப் போய் வாருங்கள். ஆனால் அறிவியல் குரூப் என்றால், தினம் ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள் ஒதுக்குங்கள். காரணம் இதுதான்.

இயற்பியலின் இரண்டாம் பாடமான இயக்கவியலிலேயே வெக்டரும் (அளவோடு திசையும் சேர்ந்தது) வகை நுண்கணிதமும் வந்துவிடும். கணித வகுப்பிலோ இவை இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. அதாவது கணித ஆசிரியர் அங்கே போய்ச் சேருவதற்குப் பல மாதம் முன்பே நான் கரும்பலகையில் அதை எழுத வேண்டியிருக்கிறது. ஜூலையில் பிள்ளைகள் இயற்பியலைப் பார்த்து மிரள்வதற்கு இதுவே பெரிய காரணம். பியூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு இன்னும் மோசம், அவர்களுக்குக் கணித வகுப்பே கிடையாது.

பயப்பட ஒன்றுமில்லை. ஒரு வண்டி t நொடியில் t² மீட்டர் தூரம் போகிறது என்று வையுங்கள். 2 நொடியில் 4 மீட்டர். 2.1 நொடியில் 4.41 மீட்டர். இடைப்பட்ட 0.1 நொடியில் 0.41 மீட்டர் போயிருக்கிறது, வேகம் 4.1. இடைவெளியை இன்னும் சுருக்குங்கள். 2.01 நொடியில் 4.0401 மீட்டர், வேகம் 4.01. இன்னும் சுருக்கினால் 4.001. எண் எதை நோக்கிப் போகிறது? 4. அந்தக் கணத்தில் வண்டியின் வேகம் அதுதான். வகைக்கெழு என்று புத்தகம் சொல்வது இதையே. இந்தக் கணக்கை t = 3, t = 5 என்று வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள். விடை ஒவ்வொரு முறையும் 2t-ஆக வருவதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை, ஜூலையில் மிரளாது.

வேதியியலில் முதல் பாடமே மோல். 18 கிராம் தண்ணீர், அதாவது மூன்றரை டீஸ்பூன் அளவு, ஒரு மோல். அதற்குள் 6.022 × 10²³ மூலக்கூறுகள். டஜன் என்றால் பன்னிரண்டு என்கிற மாதிரி மோல் என்பதும் ஓர் எண்ணிக்கைப் பெயர். அவ்வளவுதான் என்று பிடித்துக்கொண்டால் மீதிக் கணக்குகள் ஓடும். கணிதத்துக்குப் பத்தாம் வகுப்பு முக்கோணவியலையும் காரணிப்படுத்தலையும் ஒருமுறை புரட்டுங்கள். வணிகவியல் பிள்ளைகள் ஒரு வாரம் வீட்டுச் செலவைப் பற்று, வரவு முறையில் எழுதிப் பார்க்கலாம்.

முதல் மாதம்

ஜூனில் வகுப்பு தொடங்கியதும், அன்று நடத்தியதை அன்றே அரைமணி நேரம் திருப்பிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மாதிரி தேர்வுக்கு முன்பு உட்கார்ந்து மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது, பக்கங்கள் அத்தனை. புத்தகத்துக்குப் பின்னால் உள்ள கேள்வி பதில்களை மட்டும் நோட்ஸில் படிக்கும் பழக்கத்தை விடுங்கள். பாடத்தின் உள்ளே பெட்டிச் செய்தியாக வருவதிலிருந்தும் கேள்வி வரும்.

செய்முறை வகுப்புக்கு அப்சர்வேஷன் நோட்டில் எடுத்த அளவுகளை அன்றைக்கே ரெக்கார்டில் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். தள்ளிப் போட்டவர்கள் பிப்ரவரியில் அடுத்தவன் நோட்டைப் பார்த்து இரவெல்லாம் எழுதுவார்கள், செய்முறைத் தேர்வில் கருவியைக் கையில் எடுக்கத் தெரியாது. திருகு அளவியில் சுழிப்பிழை, அதாவது எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் பிழை, பார்க்காமல் அளவெடுக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

டியூஷன் வேண்டுமா என்றால், முதல் மாதம் வேண்டாம் என்பேன். எந்தப் பாடம் வரவில்லை என்று தெரிந்த பிறகு அதற்கு மட்டும் போகலாம். நான்கு பாடத்துக்கும் காலையிலும் மாலையிலும் டியூஷன் போய்விட்டு என் வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை எழுப்பவே எனக்கு மனசு வராது.

முதல் இடைத்தேர்வு மார்க்

பத்தாம் வகுப்பில் தொண்ணூறு எடுத்த பிள்ளை முதல் இடைத்தேர்வில் நாற்பது எடுக்கும். வருஷாவருஷம் நடப்பதுதான். வீட்டில் அன்று யாரும் கத்தாதீர்கள், குரூப்பை மாற்றலாமா என்றும் அன்றே பேச வேண்டாம். விடைத்தாளை மேசையில் விரித்து, எந்த இடத்தில் மார்க் போயிருக்கிறது என்று சிவப்புப் பேனாவால் பிரித்துப் பாருங்கள். பாடமே புரியாமல் போனது, புரிந்தும் கணக்கில் தவறியது, நேரம் போதாமல் விட்டது. இந்த மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அந்தப் பெண் இயற்பியலில் 41 எடுத்தாள். "நான் காமர்ஸ் போயிடட்டுமா மிஸ்?" என்று ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். தாளைப் பார்த்தோம். போன மார்க்கில் முக்கால்வாசி வெக்டரைக் கூட்டுவதிலும் அலகு எழுதாமல் விட்டதிலும். பாடம் புரிந்திருந்தது. வெக்டர் கணக்குகள் இருபதைத் தனியாகக் குறித்துக் கொடுத்தேன், மதிய இடைவேளையில் தினம் இரண்டு போட்டாள்.

எல்லோருக்கும் இப்படித்தான் முடியும் என்று சொல்ல மாட்டேன். விடைத்தாளைப் பிரித்துப் பார்த்த பிறகும் பாடமே ஒட்டவில்லை, புத்தகத்தைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். முதல் சில வாரங்களுக்குள் வேறு குரூப்பில் இடம் இருந்தால் தலைமை ஆசிரியர் மாற்றித் தருவார். பெற்றோர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதிக் கொண்டு போங்கள். வகுப்பாசிரியரிடம் முதலில் பேசிவிட்டுப் போனால் இன்னும் சுலபம். தள்ளிப்போகப் போக மாறும் பிள்ளை பிடிக்க வேண்டிய பாடம் கூடிக்கொண்டே போகும், காலாண்டுத் தேர்வுக்கு அப்புறம் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாறுகிற பிள்ளைக்குப் புது வகுப்பில் விட்டுப்போன பாடங்களின் பட்டியலை அந்த ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கி, காலாண்டு விடுமுறைக்குள் முடிக்கிற மாதிரி நாள் பிரித்துக் கொடுங்கள். கணக்குப்பதிவியலாக இருந்தால் குறிப்பேடு, பேரேடு இரண்டையும் முதலில் முடிக்கச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.